ஏறும் வண்டிக்கு வழி

வெள்ளை அட்டையில் சிவப்பாய் ஓர் எல்.
முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று.
பின்னால் கட்டியது பிளாஸ்டிக் கயிற்றில்.
குழியில் இறங்கும்போதெல்லாம் டப் டப் என்று
இவளுக்குத் தெரியாது, இவளுக்குத் தெரியாது
என்று ரோடு முழுக்கச் சொல்லிக்கொண்டே வரும்.

எனக்கு நாற்பத்தொன்று.
லைசன் எடுத்த தம்பி லோகேந்திரனுக்கு இருபத்து மூன்று.
அவன் இடப்பக்கம் இருந்தால்தான்
நான் சாவியைத் திருப்பலாம்.
மூக்கொழுகிய வயதில் அவனை
இடுப்பில் வைத்து இதே மேட்டில் ஏறியிருக்கிறேன்.
அதற்கு யாரும் பத்திரம் கேட்டதில்லை.

பிரட்டுக்களத்தில் நான்கு ஞாயிறு.
கிளச்சை மெதுவா விடு அக்கா, மெதுவா,
காலுக்குக் கீழ இருக்கிறது கரப்பான் இல்ல.
எழுத்துப் பரீட்சையில் நாற்பதுக்கு முப்பத்தெட்டு.
மலைப்பாதையில் யாருக்கு முதல் உரிமை?
ஏறும் வண்டிக்கு.
இறங்குபவர் நின்று வழி விடவேண்டும்.
அந்தப் புத்தகத்தில் எனக்குப் பிடித்த விதி அது ஒன்றுதான்.
இருபத்திரண்டு வருசம் கொழுந்தோடு ஏறினேன்,
ஜீப்பில் இறங்கியவர்கள்
அந்தப் பக்கத்தைப் புரட்டவில்லை போல.

வைகாசிக் கடைசி. மழை. கரண்ட் இல்லை.
இரவு பதினொன்றுக்கு ரொசலினுக்குப் பனிக்குடம் உடைந்தது.
தோட்டத்து வண்டி ஹட்டனில், கராஜில்.
லயத்தில் ஓட்டத் தெரிந்தவர்கள் மூன்று பேர்.
அன்று கல்யாண வீடு.
இரண்டு பேர் சுவரைப் பிடித்து நின்றார்கள்,
தம்பி சுவரையும் விட்டிருந்தான்.
அவனைத் தூக்கிவந்து
பட்டா லொறியின் இடப்பக்கம் வைத்து பெல்ட் போட்டோம்.
சட்டம் என் பக்கத்தில்
வாயைத் திறந்து குறட்டை விட்டது.

பின்னால் லீக்ஸ் மணக்கும் சாக்குகளின் மேல்
ரொசலின், அவள் மாமியார், ஒரு படங்கு.
பனி வெளிச்சத்தைத் தின்றது.
ஓரத்தில் சுண்ணாம்பு அடித்த கற்களை
எண்ணி எண்ணி இறங்கினேன்.
இறங்கி, மறுபடி ஏறும் வளைவில்
எதிரே ஒரு மரக்கறி லொறி.

நான் ஏறுகிறேன். உரிமை எனக்கு.
அவனுக்குத் தெரியுமா என்று எனக்குத் தெரியாது.
நின்றேன். அவனும் நின்றான்.
இரண்டு என்ஜினும் உறுமிக்கொண்டிருக்க
பின்னாலிருந்து ரொசலின் கத்தினாள்,
எந்தப் பரீட்சையிலும் வராத ஒரு கெட்ட வார்த்தை.
லொறி பின்வாங்கியது.
கிளச்சைப் பாதியில் பிடித்து ஹேண்ட் பிரேக்கை விட்டேன்.
வண்டி ஓரங்குலம் பின்னுக்குப் போகவில்லை.
பார்த்திருக்க வேண்டியவன் தூங்கிக்கொண்டிருந்தான்.

ஹோல்புறூக் சந்தியில் ஒரு டோர்ச் ஆடியது.
பொலிஸ்காரர் எல்லைப் பார்த்தார்,
தம்பியைப் பார்த்து மூக்கைச் சுருக்கினார்,
பின்னால் போய்ப் படங்கைத் தூக்கினார்,
உடனே விட்டார்.
திரும்பி வந்து, எக லைட் எகக் நே, என்றார்.
ஒரு விளக்கு எரியவில்லையாம்.
வேறெதுவும் அவர் சொல்லவில்லை.

லிந்துலையில், ஒன்றே முக்காலுக்கு,
பெண் குழந்தை. மூன்று கிலோவுக்கு நூறு கிராம் குறைவு.

ஆறாம் நாள் நுவரெலியாவில் ட்ரையல்.
சமதரை. நல்ல வெயில்.
பின்னுக்கு எடுக்கையில் ஒரு கம்பம் சாய்ந்தது.
பெயில் என்று எழுதினார்.
சரிதான், கம்பம் சாய்ந்தது சாய்ந்ததுதான்.
அந்த மேட்டைப் பற்றிச் சொல்லலாம்;
சொன்னால் அந்த ராத்திரியையும் சொல்லவேண்டும்.

நான் ஓட்டுறேன் அக்கா, என்றான் தம்பி.
இடப்பக்கம் ஏறு, என்றேன்.
கயிற்றை இன்னொரு முடிச்சுப் போட்டு இறுக்கினேன்.

நானுஓயா தாண்டி இறங்கும்போது
கீழிருந்து ஒரு த்ரீவீலர் திணறி ஏறியது.
அதன் நெற்றியிலும் ஓர் எல்.
ஓரமாய் ஒதுக்கி நின்றேன்.
அது ஏறி முடிய நேரம் எடுத்தது,
நடுவில் ஒருதடவை நின்றும் போனது.
எனக்குப் பின்னால் வரிசையாய் வேன்கள் ஹோர்ன் அடித்தன.
அடிக்கட்டும்.